லாவோஸ் நாட்குறிப்பு: போனதும் வந்ததும்

நாள் 1, ஹுவாய் சாய்

தாய்லாந்தின் சியாங் கோங்கில் நின்றால் எதிர்க்கரையில் லாவோஸ் தெரிகிறது. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டால் அங்கே யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. முன்பெல்லாம் சிறு படகில் ஏறிச் சில நிமிடங்களில் மீகாங் ஆற்றைக் கடந்துவிடுவார்களாம். 2013 டிசம்பரில் நட்புப் பாலம் திறந்தபிறகு வெளிநாட்டவர் பாலம் வழியாகத்தான் போக வேண்டும். பாலத்தின்மேல் நடக்கவும் அனுமதியில்லை. அதற்கென்றே ஓடும் பஸ்ஸில் ஏறி மறுகரையில் இறங்க வேண்டும். எதிரே தெரியும் ஊருக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகிவிட்டது.

பாஸ்போர்ட்டில் ஒரு முழுப் பக்கத்தை விசா அடைத்துக்கொண்டது. நூறு டாலரை நீட்டினேன். லாவோஸ் பணமான கிப் இருபது லட்சத்துக்கும் மேல் வந்தது. அந்தப் பெருமை மாலைவரைகூட நிற்கவில்லை. தங்கும் அறைக்கே லட்சக்கணக்கில் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது.

முதுகுப்பை பதினொரு கிலோ. வீட்டில் தூக்கிப் பார்த்தபோது இலகுவாகத்தான் இருந்தது. அறைக்கு ஏறும் படிக்கட்டில்தான் உண்மை தெரிந்தது. பாரத்தைத் தோளில் தூக்கக் கூடாது, இடுப்புப் பட்டையை இறுக்கி இடுப்பெலும்பில் இறக்க வேண்டும் என்று பலரும் சொல்லியிருந்தார்கள். கேட்டுக்கொண்டேன், செய்யவில்லை. இன்றிரவு தோள் இரண்டும் எனக்கு அதைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நாள் 2, பாக்பெங்

லுவாங் பிரபாங்குக்குப் படகில் இரண்டு நாள். நீளமான, ஒடுக்கமான மரப்படகு. உள்ளே போட்டிருக்கும் இருக்கைகள் பழைய வேன்களிலிருந்து கழற்றியவை. தரையோடு முடுக்கவில்லை; முன்னால் இருப்பவர் சாய்ந்தால் இருக்கையும் அவரோடு சேர்ந்து என் முழங்காலுக்கு வருகிறது.

முதல் இரண்டு மணி நேரம் எல்லோரும் படம் எடுத்தோம். பாறை, மூங்கில் காடு, மணல் திட்டு, மறுபடி பாறை. பிறகு ஒவ்வொருவராகக் கைப்பேசியை உள்ளே வைத்தார்கள். அதற்கப்புறம்தான் ஆறு கண்ணில் பட ஆரம்பித்தது. நீர் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஓரிடத்தில் எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகிறது. பத்தடி தள்ளி, அடியில் பாறை இருக்கிறதோ என்னவோ, சுழித்துக் கொதிக்கிறது. படகோட்டி அந்தச் சுழிப்புகளைப் பார்த்து வளைந்து வளைந்து போகிறார். வரைபடம் எதுவும் அவர் முன்னால் இல்லை.

ஆள் கை காட்டும் மணல் திட்டுகளில் எல்லாம் படகு நிற்கிறது. நடுவில் ஏறிய ஒரு பாட்டியின் கூடையில் சேவல் இருந்தது. இரண்டு முறை கூவியது.

இருட்டும் நேரத்தில் பாக்பெங். படகுப் பயணிகள் ஓரிரவு தூங்கிப் போவதால் வளர்ந்த ஊர். நாளை காலை நாங்கள் போன பிறகு இங்கே என்ன நடக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. அதற்கு இங்கேயே இருக்க வேண்டும். யாரும் இருப்பதில்லை.

நாள் 3, லுவாங் பிரபாங்

இன்று வேறு படகு, அதே முழங்கால்.

மாலை நெருங்கும்போது திடீரென்று கிரேன்கள், கான்கிரீட் சுவர். லுவாங் பிரபாங்குக்கு 25 கிலோமீட்டர் மேலே மீகாங்கின் குறுக்கே அணை எழுந்துகொண்டிருக்கிறது. ஒன்றரை நாளாகப் பழகிய ஆறு அங்கே சட்டென்று ஒரு வேலையிடமாக மாறிவிட்டது. சற்றுக் கீழே நாம் ஊ ஆறு வந்து சேரும் இடத்துக்கு எதிரே பாக் ஊ குகைகள். பல தலைமுறைகளாக மக்கள் கொண்டுவந்து வைத்த புத்தர் சிலைகள் ஆயிரக்கணக்கில் உள்ளே இருக்கின்றன. படகு நிற்கவில்லை. குகை வாயில் ஒரு கறுப்புப் பல் போலத் தெரிந்து மறைந்தது.

2021 டிசம்பர் முதல் சீன எல்லையிலிருந்து தலைநகர் வியன்டியேன் வரை ரயில் ஓடுகிறது. லுவாங் பிரபாங்கிலிருந்து தலைநகருக்கு அதில் சுமார் இரண்டு மணி நேரம்தான். நானோ படகில் இரண்டு நாள் உட்கார்ந்து வந்திருக்கிறேன். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் பெருமையாகத்தான் இருக்கிறது. மெதுவாகப் போவது எனக்கு விருப்பம். படகில் இருந்த உள்ளூர்க்காரர்களுக்கு அது விதி. அந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

நாள் 5, லுவாங் பிரபாங்

விடிவதற்கு முன் துறவிகள் வரிசையாகப் பிச்சைப் பாத்திரத்தோடு நடந்து வருகிறார்கள். வீட்டு வாசலில் மண்டியிட்டிருக்கும் பெண்கள் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பிடி ஒட்டரிசிச் சோறு இடுகிறார்கள். எங்கும் பேச்சே இல்லை. தூரத்தில் நில்லுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், தோளை மூடுங்கள் என்று அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. ஒருவர் துறவியின் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் கேமராவை நீட்டினார். எனக்குக் கோபம் வந்தது. மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே கீழே பார்த்தேன். என் கையிலும் கேமரா தயாராக இருந்தது. தூரம் மட்டும்தான் வித்தியாசம். உள்ளே வைத்துவிட்டேன், ஆனால் முதலில் இரண்டு படம் எடுத்துவிட்டுத்தான் வைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பூசி குன்றில் ஏறினேன். ஒரு பக்கம் மீகாங், மறுபக்கம் நாம் கான்; இரண்டுக்கும் நடுவே நாக்கு நீட்டியது போல ஊர். 1995 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதனால்தான் கூரைகள் எல்லாம் இன்னும் தாழ்வாக இருக்கின்றன.

பையைக் குறைத்தேன். தங்குமிடத்தில் வேண்டாததை விட்டுச்செல்ல ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். படிக்காத தடித்த புத்தகம், இரண்டாவது செருப்பு, கம்பளிச் சட்டை எல்லாம் அதற்குள் போயின. இந்த வெயிலில் கம்பளி எதற்கு?

நாள் 7, போன்சவான்

கம்பளி எதற்கு என்று இன்று தெரிந்தது.

போன்சவான் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவு. இருக்கிற மூன்று சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, காதில் துண்டைக் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். வந்த வழி முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். பஸ் கிளம்பியதும் நடத்துநர் எல்லோருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் நேரவில்லை.

நாள் 8, போன்சவான்

ஜாடிச் சமவெளிக்குப் போனேன். புல்வெளியில் ஆளுயரக் கல் ஜாடிகள் நின்றும் சாய்ந்தும் உடைந்தும் கிடக்கின்றன. முதல் தொகுதியில் மட்டுமே முந்நூறுக்கு மேல். 1930களில் மதலின் கொலானி என்ற பிரெஞ்சுப் பெண்மணி இங்கே ஆய்வு செய்து, இவை ஈமச்சடங்குக்கானவை என்றார். இன்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் அதையே ஏற்கிறார்கள். உள்ளூர்க் கதை வேறு: அரக்கர்களின் அரசன் போரில் வென்று, வெற்றியைக் கொண்டாட அரிசி மது காய்ச்சி வைத்த பாத்திரங்களாம். ஒரு ஜாடிக்குள் எட்டிப் பார்த்தேன். மழைநீரும் ஒரு தவளையும்.

ஜாடிகளைப் பார்க்கத்தான் போனேன். பார்த்துக்கொண்டிருந்தது தரையை. பாதையின் இரு ஓரத்திலும் சிறு சதுரக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு பாதி வெள்ளை, மறுபாதி சிவப்பு. வெள்ளைப் பக்கம் நிலத்துக்கடியில் வரை வெடிகுண்டுகளைத் தேடி எடுத்தாகிவிட்டது என்று பொருள். சிவப்புப் பக்கத்துக்கு அந்த உறுதி கிடையாது. சிவப்புப் பக்கத்திலும் இதே புல்தான். இதே பூதான்.

1964 முதல் 1973 வரை ஒன்பது ஆண்டுகள் அமெரிக்க விமானங்கள் இந்த நாட்டின்மேல் இருபது லட்சம் டன்னுக்கு அதிகமாகக் குண்டு போட்டன. 5,80,000 பயணங்கள். சராசரி கணக்குப் போட்டால் இரவும் பகலும் எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை. கொத்துக் குண்டுகளுக்குள்ளிருந்த சிறு குண்டுகள் 27 கோடி. அவற்றில் சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன என்பது மதிப்பீடு. டென்னிஸ் பந்து அளவு. குழந்தைகள் பந்தென்று எடுத்துவிடும் அளவு.

இந்த எண்களை எல்லாம் வருவதற்கு முன்பே படித்திருந்தேன். படித்தபோது அவை எண்கள். இங்கே, சிவப்புப் பக்கத்துக்கு அப்பால் ஒரு மனிதர் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கு வண்ணம் தெரியாது. அது போகும் இடத்துக்கெல்லாம் அவரும் போய்க்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் ஒரு வீட்டு முன் வெங்காயத்தாள் வளர்த்திருந்தார்கள். தொட்டி, நெடுக்காகப் பிளந்த குண்டு உறை. கால்கள் பொருத்தித் தரையிலிருந்து உயர்த்தி வைத்திருந்தார்கள், கோழி கிளறாமலிருக்க.

நாள் 9, போன்சவான்

காய்ச்சல். படுக்கை. விடுதி அம்மாள் கேட்காமலே ஒரு பிளாஸ்க் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். நன்றி சொல்ல வாயெடுத்தால் 'போ பென் யாங்' என்று கையசைத்துவிட்டார். பரவாயில்லை, அதனாலென்ன, விடு, எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரே சொல்தான்.

நாள் 11, வியன்டியேன்

தலைநகர் என்று நம்ப முடியாத அமைதி. நடுவில் பாட்டுசை என்ற வெற்றி வளைவு. விமான ஓடுதளம் போட அமெரிக்கா கொடுத்த சிமென்டில் கட்டியதாகச் சொல்கிறார்கள். அதனால் 'நிமிர்ந்த ஓடுதளம்' என்று அதற்குக் கேலிப் பெயர். குண்டுகளில் கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு செய்து தரும் மையத்தின் காட்சிக்கூடத்துக்கும் போனேன். மக்கள் தாங்களே மரத்திலும் உலோகத்திலும் செய்துகொண்ட பழைய கால்களை அங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி இன்று எழுத வரவில்லை.

நாள் 14, சம்பாசக்

வாட் பூ. மலை உச்சியில் இயற்கையாகவே ஒரு பாறை லிங்கம் போல் நிமிர்ந்து நிற்கிறது. அதனால் பழங்காலத்தில் இந்த மலைக்கே லிங்கபர்வதம் என்று பெயர். கீழேயிருந்து பார்த்தேன். முதலில் தெரியவில்லை. மேகம் விலகியதும், இதை யாரும் தனியாகக் காட்டித் தர வேண்டியதில்லை என்று புரிந்தது.

கம்போடியாவின் கெமர் மன்னர்கள் காலத்துச் சிவன் கோயில். இப்போது நிற்கும் கட்டடங்களில் பெரும்பகுதி 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலானவை. இடத்தின் புனிதம் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. இரு பக்கமும் சம்பா என்னும் ஈழத்தலரி மரங்கள் நிற்க, செங்குத்தான படிகள். படி ஒவ்வொன்றும் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. நிமிர்ந்த தலையோடு ஏற முடியாது. கருவறைக்குப் பின்னால் பாறையிலிருந்து சுனைநீர் கசிகிறது. அந்த நீரைக் கல் வாய்க்காலில் கொண்டுவந்து லிங்கத்தின்மேல் இடைவிடாமல் விழச் செய்திருக்கிறார்கள். குடம் தூக்க ஆள் வேண்டாத அபிஷேகம்!

இப்போது உள்ளே இருப்பவர் புத்தர். வெளிச்சுவரில் துவாரபாலகர்கள் அப்படியே நிற்கிறார்கள். உள்ளே ஆள் மாறியது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை போலும். பின்புறப் பாறையில் மும்மூர்த்திகள். ஒரு பெண் ஊதுபத்தி கொளுத்திப் புத்தரைக் கும்பிட்டார், அப்படியே வந்து மும்மூர்த்திகளையும் கும்பிட்டார், பிறகு சுனையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்கினார். இரண்டுக்கும் நடுவே அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நான்தான் தகவல் பலகையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அயல்நாட்டில் பதினான்கு நாளாக எழுத்து, பேச்சு, பெயர் எதுவும் புரியாமல் அலைந்தவனுக்கு இங்கே திடீரென்று பாதி புரிந்தது. அந்தப் பாதிப் புரிதல் ஒரு மாதிரி தொந்தரவு செய்கிறது. முழுக்கப் புரியாதபோது நிம்மதியாக இருந்தேன்.

நாள் 16, டோன் கோன்

ஆற்றின் இந்தப் பகுதிக்கு நான்காயிரம் தீவுகள் என்று பெயர். யார் எண்ணினார்களோ!

1866இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குழுவை மீகாங்கில் அனுப்பினார்கள். இந்த ஆற்றின் வழியே சீனாவுக்குக் கப்பல் விடலாமா என்று பார்க்க. இங்குள்ள அருவிகளைப் பார்த்ததுமே கனவு பாறையில் மோதியது. ஆனாலும் விடவில்லை. 1890களில் இந்தத் தீவில் ஒரு குட்டி ரயில் பாதை போட்டு, படகுகளையே ரயிலில் ஏற்றி, அருவியைத் தாண்டி மறுபடி ஆற்றில் இறக்கினார்கள். இப்போது தண்டவாளம் இல்லை. பாலம் இருக்கிறது. துருப்பிடித்த இஞ்சின் ஒன்றுக்குக் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் சக்கரத்தடியில் ஒரு நாய் தூங்குகிறது.

நாள் 17, டோன் கோன்

ஒன்றும் செய்யவில்லை. ஊஞ்சல் படுக்கை. ஆறு.

சைக்கிளில் அருவி வரை போக நினைத்திருந்தேன். போகவில்லை.

நாள் 19, ரயிலில்

எல்லை தாண்டி, உபோன் ராட்சதானியில் ராத்திரி ரயில். பாங்காக்குக்கு 575 கிலோமீட்டர். மேல் படுக்கை. சுமார் மூன்று வாரத்தில் எத்தனை படுக்கையில் தூங்கினேன் என்று எண்ணினேன்: பதினொன்று. ஒவ்வொன்றிலும் விளக்கு எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், குழாயில் வெந்நீர் எது என்று புதிதாகக் கற்றுக்கொண்டேன். இந்தச் சில்லறை வேலைகள்தான் நாளை நீளமாக்குகின்றன என்று தோன்றுகிறது. பாக்பெங் ஒரு மாதத்துக்கு முன் போலிருக்கிறது.

நாள் 20, விமான நிலையம்

பை எட்டரைக் கிலோ. இடுப்புப் பட்டை இப்போது தானாக இறுகுகிறது.

நாள் 21, வீடு

பூட்டைத் திறக்கும் முறை கைக்கு மறக்கவில்லை. அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இளைத்துவிட்டாய்" என்றார். பையைக் கூடத்திலேயே வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். மடித்த சட்டைகள் வரிசை வரிசையாக. மூன்றோடு காலம் தள்ளியவனுக்கு எதை எடுப்பதென்று தெரியவில்லை. பைக்குள்ளிருந்த பழையதையே போட்டுக்கொண்டேன்.

நாள் 22

"எப்படி இருந்தது?" எல்லோரும் கேட்கிறார்கள். "நன்றாக இருந்தது" என்றேன். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இருக்கும் இடம் சுமார் மூன்று நிமிடம்; அதற்கு மேல் போனால் கண்கள் வேறு பக்கம் போய்விடுகின்றன. நானும் பிறர் பயணங்களை இவ்வளவு பொறுமையோடுதான் கேட்டிருக்கிறேன், குறை சொல்வதற்கில்லை.

சித்தப்பாவிடம் போன்சவானைப் பற்றிச் சொல்ல முயன்றேன். எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானம், எட்டுக் கோடிக் குண்டு என்றேன். "அடப்பாவமே" என்றார். ஒரு நொடி உண்மையாகவே வருந்தினார். பிறகு விமான டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். மாட்டுக்குப் பின்னால் போன மனிதரை எண்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் சேவலைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்.

நாள் 24

அலுவலகம். வழக்கம் போல்.

நண்பர் ஒருவர், உனக்கு வந்திருப்பது திரும்பி வந்தோர் நோய் என்கிறார். 1960இல் கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர் அயல்நாட்டில் வரும் 'பண்பாட்டு அதிர்ச்சி'யைப் பற்றி எழுதினாராம். 1963இல் கல்லஹார்ன் தம்பதியர், ஊர் திரும்பிய பிறகும் அதே அதிர்ச்சி இன்னொரு முறை வரும் என்று சேர்த்தார்களாம். ஆனால் அவர்கள் ஆராய்ந்தது நீண்ட காலம் வெளிநாட்டில் தங்கிப் படித்தும் கற்பித்தும் வந்தவர்களை. மூன்று வாரம் சுற்றிவிட்டு அதிர்ச்சி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்கு வந்திருப்பது சோம்பல்.

நாள் 27

பையை இன்னும் பிரிக்கவில்லை.

நாள் 33

பையைப் பிரித்தேன். அடியில் காய்ந்த சம்பாப் பூ ஒன்று, செல்லாத பஸ் டிக்கெட்டுகள், மாற்ற மறந்த கிப் தாள்கள். இத்தனை பூஜ்யம் போட்ட தாளை இங்கே யாரும் வாங்கமாட்டார்கள்.

சேவல் கதையை இன்று ஐந்தாவது முறையாகச் சொன்னேன், அலுவலகத்தில். அது நன்றாக உருண்டு திரண்டுவிட்டது. சேவல் கூடையிலிருந்து தப்புகிறது. இருக்கை இருக்கையாகத் தாவுகிறது. படகோட்டி சுக்கானை விட்டுவிட்டு ஓடி வருகிறார். படகு சுழலில் சுற்றுகிறது. கடைசியில் பாட்டி ஒரே அதட்டலில் அதை மடியில் உட்கார வைக்கிறார். அதட்டலை நான் நடித்தும் காட்டினேன். சொல்லும்போது எல்லாம் கண்முன்னே தெரிகிறது, சேவலின் கழுத்து நிறம் வரைக்கும்.

வீட்டுக்கு வந்து நாள் 2-ஐ எடுத்துப் படித்தேன். கூடையில் சேவல் இருந்தது, இரண்டு முறை கூவியது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்களாம். வந்து சேவல் கதையைச் சொல்ல வேண்டும் என்று இப்போதே உத்தரவு வந்துவிட்டது.